மாசியில் போட்ட பாட்டி அவரை: ஆறு மாதமாக இலைதான், பூ இல்லை. கையில் மிச்சம் 12 விதை

மேலூர்_மாடி | 2 செப்டம்பர்

வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன்.

அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்று மேட்டில் ஒரு அவரைப் பந்தல் இருந்தது. காய் நல்ல அகலம், பட்டையாக இருக்கும். பச்சைக் காயின் ஓரத்தில் மட்டும் ஊதாவாக ஒரு கோடு ஓடும், சேலைக்குக் கரை வைத்த மாதிரி. அதனால் வீட்டில் அதற்குப் பெயர் ‘கரை அவரை’. வேறெங்கும் இந்தப் பெயரைக் கேட்டதில்லை. பாட்டி போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பொங்கல் சமயத்தில் வீட்டைக் காலி செய்தபோது அடுப்படிப் பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் 19 விதை. கரும்பழுப்பு நிறம், மூக்கில் வெள்ளைக் கோடு.

ஆசை தாங்கவில்லை. மாசியிலேயே மதுரை வீட்டு மொட்டை மாடியில் 7 விதை போட்டேன். நாலு முளைத்தது, ஒன்றை நத்தை தின்றது. மீதி மூன்றும் மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து, துணி காயப்போடும் கம்பியையும் பிடித்துவிட்டன. ஆனால் ஒரு பூ இல்லை, மொட்டுகூட இல்லை. ‘மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடு’ என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் டிஏபி உரம் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? கையில் இன்னும் 12 விதை இருக்கிறது. அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

கொங்குத்_தோட்டம் | 2 செப்டம்பர்

மாசியில யாருங்க அவரை போடுவாங்க! ஆடிப் பட்டத்துக்கு உரியதைக் கோடையில் போட்டுவிட்டுக் கொடியைக் குறை சொன்னால் எப்படி? பிடுங்காதீர்கள். கார்த்திகை வரைக்கும் பொறுங்கள், தானாகப் பூக்கும். டிஏபி போட்டால் இன்னும் இலைதான் வரும். துணி காயப்போட அம்மாவுக்கு வேறு கம்பி கட்டிக் கொடுங்கள், அதுதான் அவசரம்.

ஆய்வகத்தெலி | 2 செப்டம்பர்

மேலே சொன்னது சரி. காரணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பழைய பந்தல் அவரைகள் குறும்பகல் பயிர்கள். பகல் நீளம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மொட்டு கட்டும். உண்மையில் கொடி அளப்பது இரவைத்தான், இருட்டு இடைவிடாமல் எத்தனை மணி நேரம் நீள்கிறது என்பதை. மதுரையில் ஜூன் மாதப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி இருக்கும், டிசம்பரில் பதினொன்றரை. நமக்கு இந்த வித்தியாசம் உறைப்பதே இல்லை, அவரைக்கு உறைக்கும். மாசியில் போட்டால் கொடி பூக்கும் வயதுக்கு வருவதற்குள் பகல் நீண்டுவிடுகிறது. அப்புறம் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆடியில் போட்ட கொடியும் உங்கள் கொடியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பூக்கும். நீங்கள் ஐந்து மாதம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இது புதுச் சங்கதியும் இல்லை. குறுந்தொகையில் ஒரு தலைவி, அவன் இன்னும் வரவில்லையே என்று வருந்தும் பனிக்காலத்துக்கு அடையாளமாகச் சொல்வது, தினைக் கதிர் கொய்த தட்டையில் அவரைக் கொடி ஏறிப் பூப்பதைத்தான். எப்போது பூக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் கடையில் வருடம் முழுக்க அவரைக்காய் கிடைப்பதால் மறந்துபோனது. கடைக்கு வருவதில் குத்து அவரையும் உண்டு, பந்தல் வேண்டாத குட்டைச் செடி. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து ரகங்களில் பல, பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும்படி தேர்ந்தெடுத்தவை.

ஒரு கேள்வி: மாடிக்கு அருகில் தெருவிளக்கு இருக்கிறதா?

மேலூர்_மாடி | 3 செப்டம்பர்

இருக்கிறது! கிழக்குச் சுவரை ஒட்டியே கம்பம். முன்பு மஞ்சள் விளக்கு, இப்போது வெள்ளை எல்ஈடி. ராத்திரி மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

ஆய்வகத்தெலி | 3 செப்டம்பர்

அப்படியானால் கார்த்திகையிலும் கிழக்குப் பக்கம் பூக்காமல் போகலாம். விளக்குக்கு அடியில் நிற்கும் கொடிக்கு இரவே வருவதில்லை. சோயா வயல்களில் தெருவிளக்கின் வெளிச்ச வட்டம் விழும் இடம் மட்டும் முதிராமல் பச்சையாக நிற்பதை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள், அதே கதைதான். கொடியை மூட வேண்டாம், வெந்துபோகும். விளக்குக்கும் கொடிக்கும் நடுவில் பழைய சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். நிழல் விழுந்தால் போதும்.

எடிசன்_அவரை | 3 செப்டம்பர்

இந்த இழையை மூன்று வருடம் முன்பே யாராவது தொடங்கியிருக்கக் கூடாதா!

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அவரையைப் போட்டால் ஆகஸ்டில் காடு மாதிரி நிற்கும். செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே போன பிறகுதான் மொட்டு எட்டிப் பார்க்கும். காய் பிடிக்கும் நேரத்தில் உறைபனி வந்து ஒரே ராத்திரியில் எல்லாம் கருகிவிடும். மூன்று வருடமும் இதே கதை. மண்தான் ஆகவில்லை என்று நினைத்து மூட்டை மூட்டையாக எரு வாங்கினேன். இந்த வருடம் ஒரு கொடியைத் தொட்டியில் வைத்து, ஜூலையிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கார் ஷெட்டுக்குள் தள்ளிக் காலை எட்டு மணிக்கு வெளியே எடுக்கிறேன். போன வாரம் பூத்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, ‘செடிக்குக்கூடத் தூங்கும் நேரம் வைத்திருக்கிறாயா’ என்று சிரிக்கிறார்.

மேலூர்_மாடி | 4 செப்டம்பர்

சாக்கு கட்டியாகிவிட்டது. அம்மா இன்னும் நம்பவில்லை. சரி, அந்த 12 விதையை என்ன செய்வது?

கொங்குத்_தோட்டம் | 4 செப்டம்பர்

ஆறு விதையை இப்பவே போடுங்க. புரட்டாசிக்குள் போட்டால் சின்னக் கொடியாக இருந்தாலும் பூத்துவிடும். ஆறை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மண்ணில் போடக் கூடாது, எல்லாவற்றையும் பூட்டியும் வைக்கக் கூடாது.

பழைய_பானை | 4 செப்டம்பர்

தம்பி, நான் சிறுமலை அடிவாரம், அறுபத்து மூன்று வயது. தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் விதையை ஈரத் துணியில் சுற்றி முளைகட்டிப் பார். அவரைத் தோல் கெட்டி. இரண்டு நாளில் ஊறாமல் கல் மாதிரி கிடந்தால், மூக்குக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாகக் கீறி மறுபடி ஊறப்போடு. முளைத்ததை மட்டும் கொட்டாங்கச்சியில் வைத்து வளர்த்துப் பிறகு இடம் மாற்று. நத்தைக்குப் பயப்பட வேண்டாம்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வீட்டு விதை எப்படிக் கெட்டுப்போகிறது தெரியுமா? முதல் ஈடு காய் வந்ததும் பறித்துச் சமைப்போம். இரண்டாம் ஈடு அக்கம் பக்கத்துக்கு. தை கடைசியில் கொடி ஓய்ந்து, அசுவினிப் பூச்சி ஏறி, கண்ணுக்குத் தப்பின நாலைந்து கிழட்டுக் காய் மூலையில் தொங்கும். ‘சரி, அது விதைக்கு ஆகட்டும்’ என்று விடுவோம். நானே இருபது வருடம் இதைத்தான் செய்தேன். வருடத்துக்கு வருடம் காய் சிறுத்தது, பூப்பது தள்ளிப்போனது, விதை சுருங்கியது. விதை தேய்ந்துவிட்டது என்று ஊரில் சொன்னோம். விதை என்ன செய்யும்? பிந்திக் காய்ப்பதையும் நோய்ப்பட்டதையும் பார்த்துப் பார்த்து நாம்தானே எடுத்து வைத்தோம்.

என் மாமியார் அப்படி இல்லை. பந்தலில் எந்தக் கொடி முந்திப் பூத்துத் திடமாக நிற்கிறதோ, அதன் இடுப்பளவில் காய்த்த முதல் ஈட்டுக் காயில் பத்துப் பதினைந்தைப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டிவிடுவார். விருந்தாளி வந்தாலும் சரி, வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாவிட்டாலும் சரி, துணி கட்டினதைத் தொட்டால் திட்டு விழும். அவர் போன பிறகுதான் எனக்கு அந்தத் துணியின் அருமை தெரிந்தது. பத்து வருடமாக நானும் கட்டுகிறேன். காய் பழைய அகலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

இலை சுருண்டு மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கிற கொடியில் விதை எடுக்காதே, எத்தனை காய் காய்த்தாலும்.

சந்தைக்காரி | 5 செப்டம்பர்

அம்மா சொல்வது நியாயம்தான், ஆனால் முதல் ஈட்டுக் காய்க்குத்தான் சந்தையில் விலை. ஐப்பசி கடைசியில் முதல் நாட்டு அவரை வரும்போது கிடைக்கிற காசு, பொங்கலுக்கு எல்லாப் பந்தலும் காய்க்கும்போது கிடைக்காது. மாடியில் மூன்று கொடி வைத்திருப்பவர் துணி கட்டலாம். அரை ஏக்கரை நம்பியிருப்பவர் கட்டுவாரா?

பழைய_பானை | 5 செப்டம்பர்

கட்ட மாட்டார், தெரியும். எங்கள் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அதனால் வயல் பந்தலில் கட்டவில்லை. வீட்டுக் கொல்லையில் தனியாக நாலு கொடி, அது விற்பனைக்கு இல்லை. வீட்டுத் தோட்டம் வேறு எதற்கு இருக்கிறது?

ஆய்வகத்தெலி | 5 செப்டம்பர்

திட்டுத்திட்டான இலையைப் பற்றி ஒரு சேர்க்கை. பீன்ஸில் வரும் தேமல் வைரஸ் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். அவரையில் நாம் அதிகம் பார்க்கிற மஞ்சள் தேமல் வெள்ளை ஈ மூலம் வருவது. கண்ணால் பார்த்து எது எது என்று பிரிப்பது கஷ்டம், அதனால் அம்மா சொன்னபடி மொத்தமாக ஒதுக்குவதே நல்லது.

இன்னொன்று, கொடிகளின் எண்ணிக்கை. மூன்று கொடியிலிருந்து மட்டும் விதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் போனால் அந்த மூன்றிலும் இல்லாத குணங்கள் தொலைந்துபோகும். முடிந்தால் பத்துப் பதினைந்து கொடி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம். இடம் இல்லை என்றால் நாலு வீட்டில் நாலு நாலாகப் போட்டு விதையைக் கலந்துகொள்ளலாம்.

தூய_விதை | 6 செப்டம்பர்

நாலு வீட்டில் போட்டால் கலப்படம்தான் ஆகும். எனக்குப் பட்ட அனுபவம் உண்டு. யானைக்காது அவரை என்று இணையத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். முளைத்தது மூன்று விதம்: ஒன்று ஊதாக் காய், ஒன்று வெள்ளை, ஒன்று யார் பிள்ளை என்றே தெரியவில்லை. பணம் திரும்ப வரவில்லை. அதிலிருந்து எந்த அவரையையும் வலை போடாமல் வளர்ப்பதில்லை.

ஆய்வகத்தெலி | 6 செப்டம்பர்

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனால் அந்தப் பெரிய கருவண்டு இருக்கிறதே, மரத்தைத் துளைக்கிற தச்சுத் தேனீ, அது பூவை அழுத்தித் திறந்து ஒரு பந்தலின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். பக்கத்தில் வேறு அவரை இருந்தால் கொஞ்சம் கலப்பது உண்டு. பீன்ஸில் அந்தத் தொல்லை குறைவு. டபுள் பீன்ஸ் சற்றுக் கூடுதலாகக் கலக்கும்.

சுலபமான வழி: கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற வலைப்பை வீட்டில் நாலாவது கிடக்கும். பூ விரிவதற்கு முன்பே கொத்தை அதற்குள் விட்டு வாயைச் சுருக்கிவிடுங்கள். பூ உள்ளேயே தானாகக் காய் பிடிக்கும். பிஞ்சு வந்ததும் பையை எடுத்துவிட்டு, கொத்தில் நூல் கட்டிக்கொள்ளலாம்.

கலந்தது இந்த வருடமே தெரியாது என்பதுதான் இதில் உள்ள வம்பு. காயும் விதைத் தோலும் தாய்க் கொடியின் உடம்பு, அதனால் தாயைப் போலவேதான் இருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளை யாரென்று அடுத்த வருடம் அது வளர்ந்து காய்த்தால்தான் வெளிப்படும்.

பழைய_பானை | 6 செப்டம்பர்

எங்கள் மாமியார் ஒரே பந்தலில் மூன்று அவரை ஏற்றியிருந்தார். வலை ஏது? கருவண்டு வரவில்லை என்றால்தான் கவலைப்படுவார். வருடத்துக்கு ஒன்றிரண்டு வேற்றுக் காய் வரும். பிடித்திருந்தால் தனியாகத் துணி கட்டுவார், பிடிக்காததைக் குழம்பில் போடுவார். நம் கையில் இன்று இருக்கிற இத்தனை வகையும் அப்படித்தானே வந்திருக்கும்.

தூய_விதை | 6 செப்டம்பர்

அம்மா, உங்கள் மாமியாருக்கு எது எது என்று தெரியும். எனக்கு விற்றவருக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றா?

பழைய_பானை | 7 செப்டம்பர்

அது சரிதான். ஒத்துக்கொள்கிறேன். மேலூர் தம்பியிடம் இருப்பது பன்னிரண்டு விதை, அதுவும் அந்தப் பெயரில் வேறு எங்கும் இல்லாதது. அவன் முதல் இரண்டு வருடம் வலைப்பை போடட்டும். கைநிறைய விதை சேர்ந்த பிறகு வண்டை உள்ளே விடலாம்.

வலிகாமம்_வளவு | 7 செப்டம்பர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் அவரையும் உண்டு, ஆனால் வளவில் நாங்கள் கூடுதலாக வைப்பது பயற்றங்காய்தான் (நீங்கள் காராமணி என்பீர்கள்). நீங்கள் பீன்ஸ் என்பதை நாங்கள் போஞ்சி என்போம், அது மலைநாட்டிலிருந்து வருவது.

1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்டது. அம்மா எடுத்தது இரண்டு பை உடுப்பு, காணி உறுதி, அப்புறம் சேலைத் தலைப்பில் முடிந்த கொஞ்சப் பயற்றங்கொட்டை. அதை ஏன் எடுத்தீர்கள் என்று பின்னாளில் கேட்டேன். ‘அடுத்த மழைக்குப் போட வேண்டாமோ’ என்றார். தென்மராட்சியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரரின் வேலியில் அந்த மாரிக்கே போட்டார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் கிணற்றடியில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலியில் இருந்தது. அங்கே போய்த்தான் கொட்டை வாங்கி வந்தோம். இப்போதும் அதுதான் எங்கள் வீட்டில் காய்க்கிறது.

தம்பி, பன்னிரண்டில் நாலை இன்னொரு வீட்டில் குடுத்து வையுங்கோ.

மேலூர்_மாடி | 7 செப்டம்பர்

கொடுக்கிறேன் அக்கா. ஊரில் சித்தி இருக்கிறார், பாட்டி வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. 4 சித்திக்கு, 5 எனக்கு, 3 பாட்டிலிலேயே இருக்கட்டும்.

கொங்குத்_தோட்டம் | 8 செப்டம்பர்

விதையை வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போன வருடம் இரண்டு கிலோ மொச்சையை டப்பாவில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன். விதை எல்லாம் ஓட்டை, டப்பா எல்லாம் வண்டு.

பழைய_பானை | 8 செப்டம்பர்

காயக் காய வைக்கவில்லை, அதுதான். காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால் கொத்தோடு அறுத்துத் திண்ணையில் தலைகீழாகத் தொங்கவிடு. உரித்த பிறகு காலை வெயிலில் பாயில் பரப்பி நாலு நாள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் போடாதே, முளை செத்துவிடும். கடித்தால் பல் பதியக் கூடாது.

பிறகு சாம்பல். விறகுச் சாம்பலைச் சலித்து ஆறவைத்து, விதைக்குச் சரி பங்கு. மேலே தூவினால் போதாது. விதைக்கும் விதைக்கும் நடுவில் இடமே இல்லாமல் நிறைய வேண்டும். நாலு நொச்சித் தழையையும் போட்டு வாயைத் துணியால் கட்டி அடுப்புக்கு மேலே. இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு ஊரெல்லாம் அலைகிறேன்.

ஆய்வகத்தெலி | 8 செப்டம்பர்

சாம்பல் வேலை செய்வது அந்த இடைவெளியை அடைப்பதால்தான். வண்டு விதைக்கு விதை நகர முடியாது, ஜோடி சேர முடியாது. விளக்கெண்ணெய் பூசுவதும் அப்படியே: கிலோவுக்கு 5 மில்லி போதும், விதைத் தோலில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு மூச்சு முட்டும்.

கொங்கு அண்ணாவுக்கு நடந்தது இதுதான்: பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும். புழு விதைக்குள் இருந்துகொண்டு வீட்டுக்கு வரும். முட்டையிலிருந்து வண்டு வெளியே வர மூன்று நாலு வாரம்தான், ஆகவே இரண்டு மாதத்தில் இரண்டு தலைமுறை. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே இருப்பதும் சாகும். ஈரம் இருக்கும் விதையை வைத்தால் விதையும் சாகும். வெளியே எடுத்த பின் பாட்டில் அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், வேர்த்துவிடும்.

தோராயமாக ஒரு கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, சூடு 5 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. டெல்லியில் உள்ள தேசிய விதை வங்கி மைனஸ் 18 டிகிரியில் வைப்பது அதனால்தான்.

பழைய_பானை | 8 செப்டம்பர்

மைனஸ் பதினெட்டில் இருக்கிற விதைக்கு இந்த வருடத்து மழை தெரியுமா, இந்த வருடத்துப் பூச்சி தெரியுமா? பாட்டிலில் கொஞ்சம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தலிலும் இருக்க வேண்டும்.

ஆய்வகத்தெலி | 8 செப்டம்பர்

இதில் நான் தோற்றேன்.

மூக்குத்தி_ரசிகை | 9 செப்டம்பர்

இழையைக் கொஞ்சம் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். மூக்குத்தி அவரைக்கும் வலைப்பை போடணுமா? தம்பட்டங்காய் விதையும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, அதை முற்றவிட்டுச் சமைக்கலாமா?

ஆய்வகத்தெலி | 9 செப்டம்பர்

மூக்குத்தி அவரை அவரையே இல்லை! சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரைக் குடும்பம். நாம் சமைப்பது பூவுக்குப் பின்னால் தடித்து நிற்கும் காம்பும் பிஞ்சும். அதனால் அவரையோடு கலக்கவே கலக்காது, பக்கத்திலேயே போடுங்கள்.

தம்பட்டங்காயைப் பிஞ்சிலேயே சமைத்துவிடுங்கள். முற்றிய விதையில் நச்சுப் பொருள்கள் உண்டு. பொழுதுபோக்காக ஒன்று: இதன் நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையிலிருந்துதான் 1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதம் என்று காட்டியது அந்த வேலைதான். 1946இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேலிக் கொடிக்கு இது பெரிய பெருமை.

காய்ந்த மொச்சையும் ராஜ்மாவும்கூட நன்றாக ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க வேகவைத்தே தின்ன வேண்டும்.

நெறியாளர் | 9 செப்டம்பர்

விதை விற்பனை விளம்பரங்கள் இரண்டை நீக்கியிருக்கிறேன். விதை பரிமாறுவது சட்டப்படி தவறா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் இடம் கொடுக்கிறது. பாதுகாப்புப் பதிவு பெற்ற ரகத்தின் விதையைப் பிராண்டு பெயர் போட்டு விற்பதற்குத்தான் தடை.

மேலூர்_மாடி | 11 நவம்பர்

பூத்துவிட்டது!!

மேற்குச் சுவர்ப் பக்கம், விளக்கு வெளிச்சமே படாத மூலையில், முதல் கொத்து. வெளிர் ஊதா. அம்மாதான் முதலில் பார்த்தார். ‘மலட்டுக் கொடி’ என்று சொன்னதை யாரிடமும் சொல்லாதே என்று உத்தரவு. (இங்கே சொன்னது அவருக்குத் தெரியாது.)

சாக்கு கட்டிய கிழக்குப் பக்கம் மொட்டு வந்திருக்கிறது. சாக்கு எட்டாமல் கம்பியில் ஏறி விளக்கைப் பார்த்தபடி நிற்கும் கிளையில் மட்டும் இன்னும் இலைதான். ஒரே கொடி, ஒரே வேர்!

புரட்டாசியில் போட்ட 5 விதையில் முளைத்தது 2. சித்தி வீட்டில் 4-ல் 3.

கொங்குத்_தோட்டம் | 11 நவம்பர்

இனி அசுவினி வரும், தயாராக இருங்கள். கருப்பாகத் தண்டில் அப்பிக்கொள்ளும். முதல் நாளே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டால் மருந்தே வேண்டாம். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், எறும்பு ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேலூர்_மாடி | 29 டிசம்பர்

காய் வந்தது. ஊதாக் கரை அப்படியே இருக்கிறது. முதல் ஈட்டில் 14 காய்க்குச் சிவப்பு நூல் கட்டினேன், அத்தனையும் வலைப்பையில் பிடித்தவை. மீதியில் அம்மா பொரியல் செய்தார். பாட்டி செய்கிற மாதிரி தேங்காய் கூடுதலாகப் போட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டி காலி.

கம்பியில் ஏறின கிளை இப்போதுதான் மொட்டு விடுகிறது.

பழைய_பானை | 30 டிசம்பர்

நூல் கட்டின காயை அம்மா பறித்துவிடாமல் பார்த்துக்கொள். பொங்கல் அன்றைக்குக் கூட்டுக்குக் காய் போதவில்லை என்றால் கை தானாக அங்கே போகும். எனக்குத் தெரியும்.

மேலூர்_மாடி | 16 ஜனவரி

போயிற்று. இரண்டு காய். மீதி 12 இருக்கிறது.

மேலூர்_மாடி | 24 பிப்ரவரி

கடைசிக் கணக்கு. 12 காயில் 51 விதை, அதில் சுருங்கினது 6. சித்தி வீட்டிலிருந்து 38 வந்தது. மொத்தம் 83 நல்ல விதை, பழைய பாட்டிலில் இருக்கும் பாட்டி கை விதை 3 தனி. ஒரு பங்கு சாம்பலில், ஒரு பங்கு ஃப்ரீசரில், இரண்டு பேருக்கும் சண்டை வேண்டாம். பழைய பானை அம்மாவுக்கும் கொங்கு அண்ணாவுக்கும் ஆய்வகத்தெலிக்கும் ஆளுக்கு 8 அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் தாருங்கள். தூய விதை அவர்களுக்கும் 8. வலைப்பையில் பிடித்தது என்று தைரியமாகச் சொல்லலாம், சித்தி வீட்டு விதையை அவருக்கு அனுப்பவில்லை.

எடிசன் அண்ணா, உங்களுக்கும் வேண்டுமா?

எடிசன்_அவரை | 25 பிப்ரவரி

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அமெரிக்காவுக்கு விதையைச் சும்மா தபாலில் போட முடியாது. அரசு அனுமதி, சான்றிதழ் என்று ஆயிரம் இருக்கிறது. என் பங்கைத் திருச்சியில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கொல்லையில் பந்தல் போட இடம் இருக்கிறது, ஆடி வருவதற்குள் தம்பியை விட்டுக் கால் நடச் சொல்கிறேன். பக்கத்தில் தெருவிளக்கு இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுக் கேட்கிறேன்.